பசியடங்காத புழு எங்கிருந்து வந்தது?

சிங்கப்பூரில் எந்த வட்டார நூலகத்துக்குப் போனாலும் குழந்தைகள் பகுதியில் இந்தப் புத்தகத்தைக் கண்டுபிடிப்பது எளிது. அட்டையில் சிவப்பு முகமும் பச்சை உடம்புமாக, முதுகை வளைத்துக்கொண்டு ஒரு புழு நிற்கும். அடுக்கில் அதிகம் அடிபட்ட பிரதியும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். மூலைகள் உப்பியிருக்கும். பழப் படங்களின் நடுவே உள்ள ஓட்டைகளின் ஓரம் பிய்ந்து, மேலே டேப் ஒட்டியிருக்கும். பிய்த்தவர்களுக்கு இரண்டு வயது இருந்தால் அதிகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது, விரலை விடுவதற்காகத்தானே அந்த ஓட்டையே.

எரிக் கார்ல் எழுதி வரைந்த 'த வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' 1969 ஜூன் 3 அன்று அமெரிக்காவில் வெளிவந்தது. ஆங்கில மூலத்தில் மொத்தமே 224 சொற்கள். இதுவரை 50 மில்லியன் பிரதிகளுக்குமேல் விற்றிருக்கிறது, 60-க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போயிருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் பதிப்பும் உண்டு. இவ்வளவு வரவேற்புக்கு என்ன காரணம் என்று கேட்டால் பெரியவர்கள் ஒரு பட்டியல் சொல்வார்கள்: எண்கள் இருக்கின்றன, கிழமைகள் இருக்கின்றன, பழங்களின் பெயர் இருக்கிறது, வண்ணத்துப்பூச்சி உருவாகும் விதம் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் எண்ணும் கிழமையும் சொல்லித்தருகிற புத்தகங்கள் கடைகளில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அவற்றில் எதையும் குழந்தை தூக்கிக்கொண்டு வந்து "மறுபடியும்" என்று மடியில் உட்காருவதில்லை. என்னைக் கேட்டால் விஷயம் அந்த ஓட்டையில்தான் இருக்கிறது. புழுவே அந்த ஓட்டையிலிருந்துதான் பிறந்தது.

கார்ல் இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் காகிதத்தில் ஓட்டை போடும் கருவியால் ஒரு தாள்கட்டில் விளையாட்டாகத் துளை போட்டுக்கொண்டிருந்தார். தாள்களில் வரிசையாக விழுந்த துளைகளைப் பார்த்ததும், புத்தகத்தை அரித்துத் தின்னும் புழுவின் நினைப்பு வந்தது. அப்படி உருவான முதல் வரைவின் நாயகன் வில்லி என்ற புழு. வில்லியோடு ஒரு வாரம் கழிப்பதுதான் கதை. கார்லின் பதிப்பாசிரியர் ஆன் பெனடியூஸுக்கு யோசனை பிடித்தது, வில்லியைத்தான் பிடிக்கவில்லை. நெளியும் மண்புழு மாதிரியான ஒன்றின்மேல் குழந்தைகளுக்கு எப்படிப் பாசம் வரும் என்பது அவருடைய கவலை. இலை தின்னும் புழுவாக இருந்தால் என்ன என்று கேட்டார். உடனே கார்லின் வாயிலிருந்து வந்த பதில்: "வண்ணத்துப்பூச்சி!" அந்த ஒரு நிமிடப் பேச்சில் கதைக்கு முடிவு கிடைத்துவிட்டது. வில்லி என்ற பெயரும் அதோடு போயிற்று. அச்சான புத்தகத்தில் அந்தப் புழுவுக்குப் பெயர் கிடையாது.

கதை கிடைத்தாலும் அச்சடிக்க ஆள் கிடைக்கவில்லை. பக்கங்கள் ஒரே அகலத்தில் இல்லை. திங்கட்கிழமைக்கு ஓர் ஆப்பிள், அதற்கு ஒரு குறுகிய பக்கம். செவ்வாய்க்கு இரண்டு பேரிக்காய், பக்கம் கொஞ்சம் அகலம். புதனுக்கு மூன்று பிளம்ஸ், வியாழனுக்கு நான்கு ஸ்ட்ராபெரி, வெள்ளிக்கு ஐந்து ஆரஞ்சு என்று பக்கம் படிப்படியாக விரிந்துகொண்டே போகும். எல்லாவற்றிலும் துளை வேறு. அன்றைய அமெரிக்க அச்சகங்களில் இதைக் கட்டுப்படியாகும் விலையில் செய்ய முடியவில்லை. பெனடியூஸ் ஜப்பானுக்குப் போனபோது அங்கே செய்து தர ஆள் கிடைத்தது. முதல் பதிப்பு ஜப்பானில்தான் அச்சானது. ஓட்டை போட்ட புத்தகம் வேண்டாம், படத்திலேயே ஒரு கறுப்பு வட்டம் போட்டுவிடலாம் என்று அன்றைக்கு யாராவது செலவைக் குறைத்திருந்தால், இன்று இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

சரி, இந்த ஓட்டையையும் இவ்வளவு வண்ணத்தையும் யோசித்த மனிதர் யார்?

கார்ல் 1929-ல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். சிரக்யூஸில் அவர் போன மழலையர் பள்ளியைப் பற்றிக் கடைசிவரை ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தார். வெளிச்சமான அறை, பெரிய பெரிய தாள்கள், பட்டையான தூரிகைகள், விதவிதமான வண்ணங்கள். ஆறு வயதில் அது முடிந்தது. அம்மாவுக்கு ஊர் ஏக்கம். 1935-ல் குடும்பம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்குத் திரும்பியது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். புதிய பள்ளியில் ஆசிரியர் கையில் மெல்லிய மூங்கில் பிரம்பு இருந்தது, அடியும் விழுந்தது. எப்போது வீட்டுக்குப் போவோம் என்று பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். இனி இதுதான் வீடு என்று தெரிந்ததும், பெரியவனாகிப் பாலம் கட்டுகிறவனாக ஆவது, ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு பாலம் கட்டுவது, பிடித்த பாட்டியையும் கையோடு அழைத்துக்கொண்டு அதில் நடந்து போவது என்று முடிவெடுத்தான்.

அவருக்குப் புழு பூச்சிகளை அறிமுகப்படுத்தியவர் அப்பா. மகனை அழைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் நடப்பார், கல்லைப் புரட்டுவார், மரப்பட்டையைப் பிரித்துப் பார்ப்பார், அடியில் ஓடும் சின்ன உயிர்களைக் காட்டி அவை எப்படி வாழ்கின்றன என்று சொல்வார், பிறகு கல்லை இருந்த இடத்திலேயே பத்திரமாக வைப்பார். போர் வந்தது. அப்பாவை ஜெர்மன் படையில் சேர்த்துக்கொண்டார்கள். சோவியத் படையிடம் சிறைப்பட்ட அவர் 1947-ல் திரும்பி வந்தபோது எடை 40 கிலோகூட இல்லை. மகனுக்கு அப்போது 18 வயது. பின்னாளில் தான் வரைந்த சிள்வண்டு, மின்மினி, சிலந்தி எல்லாமே அப்பாவோடு போன அந்த நடைகளுக்குச் செலுத்தும் மரியாதை என்று கார்ல் சொன்னார்.

இன்னொரு மனிதர் அவருடைய ஓவிய ஆசிரியர், கிரௌஸ். பையனிடம் திறமை இருப்பதைப் பார்த்து ஒரு நாள் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். ஒரு பெட்டியைத் திறந்து பிக்காசோ, மத்தீஸ், கிளே, ஃபிரான்ஸ் மார்க் போன்றவர்களின் ஓவியப் பிரதிகளைக் காட்டினார். அவையெல்லாம் நாஜிகள் 'சீர்கெட்ட கலை' என்று முத்திரை குத்தித் தடைசெய்திருந்தவை. பள்ளியில் பார்த்ததெல்லாம் ஒழுங்கான, அச்சு அசலான படங்கள். இங்கோ குதிரை நீலமாக இருக்கிறது. பையனுக்கு முதலில் அதிர்ச்சிதான். ஆனால் அந்த நீலக் குதிரை மனத்தில் நின்றுவிட்டது. 2011-ல், 82 வயதில், நீலக் குதிரை வரையும் ஓவியனைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குத் தப்ப வீடுகளுக்கெல்லாம் மங்கிய பச்சை, சாம்பல், பழுப்பு என்று பூசியிருந்தார்கள். தன் படங்களில் நிறம் கொட்டிக் கிடப்பதற்கு அந்த நிறமற்ற ஆண்டுகள் ஒரு காரணம் என்பதும் அவரே சொன்னதுதான்.

1952-ல் கையில் 40 டாலரோடு நியூயார்க் வந்து இறங்கினார். நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வரைகலை வேலை, பிறகு ஒரு விளம்பர நிறுவனத்தில் கலை இயக்குநர். ஒரு விளம்பரத்துக்காக அவர் செய்த சிவப்புக் கல் இறால் படத்தைப் பார்த்த பில் மார்ட்டின் என்ற எழுத்தாளர், தன் கரடிக் கதைக்கு வரைந்து தரும்படி கேட்டார். அந்தப் புத்தகம் 1967-ல் வந்தது. கார்ல் குழந்தைகள் பக்கம் வந்தது அப்படித்தான், 38 வயதில். மெல்லிய டிஷ்யூ தாளில் முதலில் வண்ணம் தீட்டி, காய்ந்ததும் வேண்டிய வடிவத்தில் வெட்டி ஒட்டுவது அவருடைய முறை. புழுவின் உடம்பை உற்றுப் பாருங்கள். அது ஒரே பச்சை இல்லை. பல பச்சைகள், நடுவே கொஞ்சம் மஞ்சள், தூரிகை இழுத்த கோடுகள் எல்லாம் தெரியும். சுற்றிலும் வெறும் வெள்ளை. விளம்பரத் துறையில் பழகிய கண் அது. பக்கத்தைத் திருப்பியதும் பார்வை எங்கே விழவேண்டும் என்று அதற்குத் தெரியும்.

இப்போது புத்தகத்துக்கே வருவோம். சின்னக் குழந்தை எழுத்தைப் பார்ப்பதில்லை. பக்கம் திரும்புகிறது, ஒரு துண்டுப் பக்கம், அதில் ஆப்பிள், ஆப்பிளில் ஓட்டை. விரல் உள்ளே போகிறது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் விரல் வெளியே வந்த இடத்தில் புழு நிற்கிறது. விரல் செய்ததைத்தான் புழுவும் செய்திருக்கிறது. கதை கேட்கும் குழந்தை அந்த நொடியில் கதைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் வயிற்றுக்குள் போவது ஒன்று கூடுகிறது, ஆனாலும் பசி அடங்கவில்லை என்ற வரி மட்டும் மாறாமல் வருகிறது. மூன்றாவது நாளே குழந்தை அந்த வரியை நமக்கு முன்னால் சொல்லிவிடும். அது வாசிப்பதில்லைதான், ஆனால் வாசித்த திருப்தி முழுதாகக் கிடைத்துவிடுகிறது. படிக்கக்கூடிய பொம்மை, தொட்டுப் பார்க்கக்கூடிய புத்தகம் என்று கார்ல் தன் வேலையை விவரித்தது இதைத்தான். வீட்டை விட்டுப் பள்ளிக்குப் போகும் முதல் நாட்களின் பயம் அவருக்கு நன்றாகத் தெரியும். பொம்மை வீட்டைச் சேர்ந்தது, புத்தகம் பள்ளியைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒன்றைச் செய்ய அவர் விரும்பினார். அந்தப் பையன் கட்ட நினைத்த பாலம் இதுதானோ என்றுகூடத் தோன்றுகிறது.

அப்புறம் சனிக்கிழமை. சாக்லேட் கேக், ஐஸ்கிரீம், பாலாடைக்கட்டி, லாலிபாப், தர்பூசணி என்று பத்து வகை ஒரே வரிசையில் விரிகிறது. அன்று இரவு வயிற்றுவலி. மறுநாள் ஞாயிறு, ஒரு பச்சை இலை, வலி போய்விட்டது. இந்த இடத்தில் பெரியவர்களுக்குக் கை துறுதுறுக்கும், ஒரு பாடம் நடத்தியாக வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்கூட 2011-ல் சத்தான உணவுப் பிரசாரத்துக்கு இந்தப் புழுவைப் பயன்படுத்தியது. ஆனால் புத்தகத்தில் யாரும் புழுவைத் திட்டுவதில்லை. "அப்பவே சொன்னேனே" என்று சொல்ல அங்கே அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. தின்றது, வலித்தது, சரியாகிவிட்டது, அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமைச் சாப்பாடும் சேர்ந்துதான் அதைக் கொழுகொழுவென்று ஆக்கி, கூடு கட்ட வைக்கிறது. பேராசை பெருநஷ்டம் என்று வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் இடிக்கலாம். குழந்தைக்கு இடிப்பதில்லை.

இந்த வயிற்றுவலியைப் பற்றி ஒரு கூத்தும் நடந்தது. வயிற்றுவலி வேண்டவே வேண்டாம் என்று கார்ல் பதிப்பாளரோடு கடுமையாகச் சண்டை போட்டதாக ஒரு பேட்டி இணையத்தில் சுற்றியது. 2021 மே மாதம் அவர் 91 வயதில் இறந்தபோது பெரிய செய்தி நிறுவனங்கள்கூட அதை மேற்கோள் காட்டின. உண்மையில் அது 2015 ஏப்ரல் முதல் தேதிக்காக ஓர் இலக்கிய இதழ் எழுதிய கிண்டல். பலரும் திருத்தம் போடவேண்டி வந்தது. கார்ல் நிஜமாகவே சொன்ன விளக்கம் எளிமையானது. இது நம்பிக்கை தரும் புத்தகம். நீயும் வளர்வாய், உன் திறமையோடு உலகத்துக்குள் பறந்து போவாய் என்று ஒரு சின்னஞ்சிறு புழுவின் வழியாகக் குழந்தையிடம் சொல்கிறது.

உயிரியல் தெரிந்தவர்கள் வேறொரு புகார் சொல்வார்கள். பட்டுநூல் சுற்றிக் கூடு கட்டுவது பெரும்பாலும் அந்துப்பூச்சி. வண்ணத்துப்பூச்சியாகப் போகிற புழு கடைசியாகத் தோலை உரித்ததும், உள்ளிருந்து வரும் உடம்பே கெட்டியான கூடுபோல ஆகிவிடும், தனியாகக் கட்டுவதில்லை. கார்லுக்கு இது தெரியாமல் இல்லை. கூச்சப்பட்டு ஒதுங்கும் மகனிடம் அவர் அப்பா, கூட்டை விட்டு வெளியே வா என்று சொல்வாராம். அறிவியலைவிட அந்தக் கூடுதான் தன் காதுக்குச் சரியாக இருந்தது என்று அவர் சமாதானம் சொன்னார். எனக்கு இதில் குறையில்லை. உணவு விஷயத்தில்தான் கதை நிஜத்தை விட்டு இன்னும் வெகுதூரம் போகிறது. அதைப் பார்க்க நம் வீட்டு வாசலே போதும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் தமிழர் வீட்டு வாசல் தாழ்வாரத்தில் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்பது வழக்கம். திடீரென்று ஒரு வாரம் அதன் கொழுந்தெல்லாம் மொட்டையாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்மேல் சந்தேகப்படும் முன் இலையின் மேற்புறத்தைப் பார்க்கவேண்டும். பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டியிருக்கும் ஒன்று மெல்ல நகரும். அது எலுமிச்சை, கறிவேப்பிலைக் குடும்பத்துச் செடிகளைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சிகளின் புழு. இளசாக இருக்கும்போது எச்சம் போல வேடம் போட்டுப் பறவைகளை ஏமாற்றும். வளர்ந்தபின் இலை நிறத்துக்கு மாறிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து பிளவுபட்ட கொம்பு ஒன்றை நீட்டும், அதிலிருந்து ஒரு காரமான வாடை வரும். குழந்தைக்கு இதைக் காட்டினால் வேறு பொம்மை தேவைப்படாது.

இந்தப் புழுவிடம் ஆப்பிளும் ஐஸ்கிரீமும் எடுபடாது. தாய்ப்பூச்சி காலாலேயே இலையின் சுவை பார்த்துத்தான் முட்டையிடுகிறது. பிறந்த குஞ்சு அந்தக் குடும்பத்துச் செடியைத் தவிர வேறெதையும் தொடாமல் பட்டினி கிடக்கும். இரண்டு வாரம்போல இடைவிடாமல் தின்னும், பிறகு கூட்டுப்புழுவாகிப் பத்து நாள் வாக்கில் பூச்சியாக வெளியே வரும். அப்படிப் பார்த்தால் கார்லின் கதையில் சனிக்கிழமை வரை நடப்பது எல்லாம் கற்பனை, ஞாயிற்றுக்கிழமை இலை மட்டும் நிஜம். புழுவுக்கு வயிறு சரியாவது அதற்குரிய இலையைத் தின்றபோதுதான். இதை அவர் வேண்டுமென்றே செய்தாரா, கை தானாகப் போயிற்றா என்று நான் ஊகிக்கப் போவதில்லை. கல்லைப் புரட்டிக் காட்டிய அப்பாவின் பிள்ளை அவர் என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறேன்.

இங்கே இந்தப் புத்தகத்துக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்தும் அதற்கு மேலும் வயதான சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழை அதிகம் பேசுகிறவர்கள் 2.5 விழுக்காடு. பத்து ஆண்டுகளுக்கு முன் அது 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் குழந்தையின் வாயில் ஆங்கிலம் தானாக ஏறிவிடுகிறது. தமிழ்ப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால், எழுத்து நிறைந்த பக்கத்தைக் கண்டதும் ஓடிவிடுகிறது. இந்தப் புத்தகத்தில் அந்தச் சிக்கல் இல்லை. மேலே அச்சாகியிருப்பது எந்த மொழியாக இருந்தாலும் தாத்தா பாட்டி தமிழிலேயே சொல்லிக்கொண்டு போகலாம். 224 சொல்லில் சொன்ன கதையை மொழிபெயர்க்க யாருக்கும் அகராதி தேவையில்லை. விரலுக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது.

ஒரு பாட்டி இதைச் சொன்ன விதத்தை நூலகத்தில் பார்த்தேன். புத்தகம் ஆங்கிலப் பதிப்பு. அவர் எழுத்தின் பக்கம் கண்ணையே கொண்டுபோகவில்லை. "திங்கக்கெழம என்ன தின்னுச்சு?" என்று கேட்பார், பேத்தி விரலை விட்டு "ஆப்பிள்" என்பாள். "வயிறு ரொம்பிருச்சா?" "இல்ல!" சனிக்கிழமை வந்ததும் பாட்டி படத்தையும் விட்டுவிட்டார். புரோட்டா, வடை, ஐஸ் கச்சாங், முறுக்கு, தேக்காவில் வாங்கிய ஜிலேபி என்று அவர் பாட்டுக்கு அடுக்க, பேத்தி "அது இங்க இல்லியே ஆயா" என்று பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். "அது போன வாரம் தின்னுச்சு" என்றார் பாட்டி. பாலர் பள்ளி ஆசிரியர்களும் சனிக்கிழமையை இப்படி உள்ளூர்ச் சாப்பாடாக மாற்றி விளையாட்டு நடத்துவதுண்டு. அசைவம் சாப்பிடாத வீடுகளில் சாசேஜ் வரும் இடத்தை மெல்லத் தாண்டிப் போவதும் உண்டு. புத்தகம் எதற்கும் ஆட்சேபம் சொல்வதில்லை, ஏனென்றால் அதன் எலும்புக்கூடு சொல்லில் இல்லை, ஒன்று இரண்டு மூன்று என்று கூடிப் போகும் வரிசையில் இருக்கிறது. வரிசையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அட்டைப் பலகைப் பதிப்பு, பெரிய அளவுப் பதிப்பு, ஒலி வரும் பதிப்பு, கைபொம்மையோடு வருவது என்று இன்று பல வடிவங்கள் கிடைக்கின்றன. ஒன்றரை இரண்டு வயதுக் குழந்தைக்கு அட்டைப் பலகைதான் தாங்கும். செயலியிலும் காணொளியிலும் புழு அழகாகத்தான் நெளிகிறது, ஆனால் திரையில் விரலை உள்ளே விட முடியாது. கதைக்குப் பிறகு கறிவேப்பிலைச் செடியில் ஒரு புழுவை வளர்த்துப் பார்க்கலாம் என்று வீட்டில் ஆசை வந்தால், செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துங்கள். கடையில் வாங்கிய கறிவேப்பிலைக் கட்டைப் போடவேண்டாம், அதில் மருந்து மிச்சம் இருந்தால் புழு செத்துப்போகும். ரசத்துக்கு வேண்டிய கொத்தை வேறொரு தொட்டியிலிருந்து பறித்துக்கொள்ளுங்கள்.